கடல் அட்டை காப்ஸ்யூலும் சித்தப்பாவின் கல்லீரலும்

கேள்வி இதுதான்: சித்தப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய் என்று போன மாதம் தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) உண்டு. கடல் உயிரினங்களில் கல்லீரல் புற்றை அழிக்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டதாக வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. அதை நம்பி உறவினர் ஒருவர் கடல் அட்டை (கடலடியில் வெள்ளரிக்காய் மாதிரிக் கிடக்கும் உயிரினம்) காப்ஸ்யூல் இரண்டு டப்பா வாங்கி வந்துவிட்டார். செய்தி உண்மையா, காப்ஸ்யூலைக் கொடுக்கலாமா?

செய்தி பாதி உண்மை. காப்ஸ்யூல் வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக மற்றதை எழுதுகிறேன். நான் சிகிச்சை தரும் டாக்டர் இல்லை. இயற்கைப் பொருட்களைப் புற்றுசெல்கள் மேல் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உண்மையான பாதி. கடலிலிருந்து புற்றுநோய் மருந்து வந்திருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ரத்தப் புற்றுக்கு இன்றும் கொடுக்கும் சைட்டரபின், ஃப்ளோரிடாக் கடலோரக் கடற்பஞ்சு ஒன்றில் வெர்னர் பெர்க்மன் கண்ட விநோதமான நியூக்ளியோசைடுகளை (டிஎன்ஏ கட்டப்படும் துண்டுகள் மாதிரியானவை) பார்த்து வேதியியலர்கள் செய்த பொருள். 1969-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. கரீபியக் கடலில் அலையாத்தி மர வேர்களில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, தண்ணீரை உறிஞ்சி வடிகட்டிப் பிழைக்கும் அசிடியன் என்ற ஜந்துவிலிருந்து டிராபெக்டெடின் வந்தது. சார்கோமா என்ற மென்திசுப் புற்றுக்கு ஐரோப்பாவில் 2007-இல் அனுமதி. ஜப்பானியக் கடற்பஞ்சில் கிடைத்த ஹாலிகாண்ட்ரின் என்ற பொருளின் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு செயற்கையாகச் செய்ததுதான் எரிபுலின்; மார்பகப் புற்றுக்கு 2010-இல் வந்தது.

இந்த வரிசையில் கல்லீரல் புற்றுக்கு என்று ஒன்றுகூட இல்லை. கல்லீரலில் தொடங்கும் புற்றுக்கு என்று அனுமதி பெற்று மருந்துக்கடைக்கு வந்த கடல்விலங்கு மருந்து எதுவும் இன்றைக்கு உலகத்தில் கிடையாது. சோதனைக்குப் போனவை உண்டு. அதில் ஒன்றின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் மொத்தக் கஷ்டமும் அந்த ஒரு கதைக்குள் இருக்கிறது.

ஹவாய்த் தீவுகளில் எலிசியா ரூஃபெசென்ஸ் என்று ஒரு கடல் நத்தை. ஓடு கிடையாது, விரல் நீளம்கூட வராது, மெத்தென்று ஒரு இலைத்துண்டு ஊர்வதுபோல இருக்கும். ஓடில்லாத ஒரு கொழுத்த நத்தையை மீன்கள் விட்டுவைக்கக் கூடாது, ஆனால் விட்டுவைக்கின்றன. உடம்பில் ஏதோ விஷம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வேதியியலர் பால் ஷாயர் குழுவினர் தேடிப்பார்த்து, அமினோ அமிலங்களை வளையமாகக் கோத்து ஒரு கொழுப்பமில வாலும் வைத்த ஒரு பொருளை 1993-இல் அறிவித்தார்கள். பெயர் கஹலலைடு எஃப். நத்தை இதைத் தானாகச் செய்யவில்லை. பிரையாப்சிஸ் என்ற இறகு மாதிரியான பச்சைப் பாசியைத் தின்கிறது. பாசியில் கொஞ்சமாக இருக்கும் விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்துக் கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது.

சரி, பாசிதான் செய்கிறது என்று கால் நூற்றாண்டு நினைத்துக்கொண்டிருந்தோம். 2019-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாசியின் செல்லுக்கு உள்ளேயே குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். மற்ற வேலைகளுக்கான மரபணுக்களில் பலவற்றைத் தொலைத்துவிட்டு, மிச்சம் இருப்பதில் கணிசமான பங்கை இந்த மாதிரி விஷங்களைத் தயாரிக்கவே வைத்திருக்கும் பாக்டீரியா அது. சமைப்பது பாக்டீரியா, வீடு கொடுப்பது பாசி, பொட்டலம் கட்டி எடுத்துப்போவது நத்தை. டிராபெக்டெடின் விஷயமும் இப்படித்தான்: அசிடியனுக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவின் வேலை என்று பின்னால் தெரிந்தது. அதனால் ‘கடல்விலங்கின் மருந்து’ என்று யாராவது சொன்னால் நான் பாதிதான் நம்புவேன். பல சமயம் விலங்கு வெறும் வாடகை வீடு.

இந்தக் கஹலலைடைச் செயற்கையாகத் தயாரித்து, ஸ்பெயினின் ஃபார்மாமார் நிறுவனம் மனிதர்களில் சோதிக்க எடுத்துப்போனது. முதல் கட்டச் சோதனை என்பது எவ்வளவு டோஸ் வரை உடம்பு தாங்கும் என்று பார்ப்பது. டோஸை ஏற்றிக்கொண்டே போனார்கள். தலைமுடி கொட்டவில்லை, ரத்த அணுக்கள் பெரிதாகக் குறையவில்லை. கீமோவுக்கு இது நல்ல சகுனம். ஆனால் ஒரு கட்டத்தில் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் எகிறின. லேப் ரிப்போர்ட்டில் சித்தப்பாவுக்கும் இந்த இரண்டு வரியைத்தான் டாக்டர் முதலில் பார்த்திருப்பார்; கல்லீரல் செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் என்சைம்கள் அவை. மருந்தை நிறுத்தினால் இறங்கிவிட்டன. இருந்தாலும் இதற்கு மேல் டோஸ் ஏற்ற முடியாது என்று கோடு போட்டது கல்லீரல்தான். பிறகு கல்லீரல் புற்று உட்படச் சில புற்றுகளுக்கு இரண்டாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோனார்கள். போதுமான பலன் தெரியவில்லை, அத்தோடு நின்றுவிட்டது.

இது தனி ஒரு மருந்தின் துரதிர்ஷ்டம் இல்லை. ஒரு சிப்பியிலிருந்து வந்த ஸ்பிசுலோசின் என்ற பொருளும் முதல் கட்டத்திலேயே கல்லீரலைத் தொந்தரவு செய்தது. வெற்றிபெற்ற டிராபெக்டெடினே கல்லீரல் என்சைம்களை ஏற்றிவிடும். அதனால் அதற்கு முன் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடுவது வழக்கம்.

காரணத்தை யோசித்தால் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய கால்வாசி கல்லீரல் வழியாகப் போகிறது. வாயில் போட்ட எதுவும் குடலிலிருந்து நேராக அங்கேதான் முதலில் போய் நிற்கும். விஷத்தை உடைத்து வெளியே தள்ளுவது அதன் தொழில். கடல் விஷம் கடுமையாக இருக்கிறது என்றால் முதல் அடி அதற்குத்தான். இன்னொரு பக்கம், கல்லீரல் செல் புற்றாக மாறிய பிறகும் பழைய தொழிலை முழுக்க மறப்பதில்லை. மருந்தை உடைக்கும் என்சைம்களும் வெளியே இறைக்கும் பம்புகளும் அதனிடம் இருக்கின்றன. ஆக, நல்ல செல் அடி வாங்குகிறது, கெட்ட செல் தப்பிக்கிறது. நுரையீரல் புற்றிலோ மார்பகப் புற்றிலோ மற்ற உறுப்புகள் நன்றாக இருந்தால் கல்லீரல் மருந்தைத் தாங்கி உதவும். இங்கே உதவ வேண்டியவரே நோயாளி. சித்தப்பா மாதிரிப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதற்கு முன்பே ஹெபடைடிஸ் பி, சி, மது, கொழுப்பு என்று ஏதோ ஒன்றால் கல்லீரல் பாதி சுருங்கியிருக்கும்.

இந்த நோயில் ஒரு மருந்து ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். முற்றிய கல்லீரல் புற்றுக்கு முதன்முதலாக உயிர்க்காலத்தைக் கூட்டிக் காட்டிய மாத்திரை சொராஃபெனிப். 2007-இல் அனுமதி. அதன் பெரிய சோதனையில் மருந்து சாப்பிட்டவர்களின் இடைநிலை உயிர்க்காலம் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்ற கணக்கு) 10.7 மாதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.9 மாதம். வித்தியாசம் மூன்று மாதம்கூட இல்லை. அதற்கே உலகம் கொண்டாடியது, ஏனென்றால் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசிகளைச் சேர்த்துக் கொடுக்க 2020-இல் அனுமதி வந்தது; அதன் சோதனையில் இடைநிலை 19.2 மாதமாக ஆனது. அதே சோதனையில் சொராஃபெனிப் எடுத்தவர்களுக்கு 13.4 மாதம். இரண்டு சோதனைகளிலும் சேர்க்கப்பட்டவர்கள் கல்லீரல் ஓரளவு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.

இனி அந்த வாட்ஸப் செய்தி எங்கிருந்து முளைக்கிறது என்று பார்க்கலாம். பெரும்பாலும் ஒரு ஆய்வகத் தட்டிலிருந்து.

உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் புற்றுசெல்களை விட்டு ஒரு இரவு ஒட்டவிடுவோம். மறுநாள் கடற்பஞ்சுச் சாறோ அட்டைச் சாறோ வரிசையாகக் கூட்டிக்கூட்டி ஊற்றுவோம். இரண்டு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் கரைசல். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஊசி ஊசியாக ஊதாப் படிகம் தெரியும். செத்த குழி மஞ்சளாகவே கிடக்கும். தட்டின் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் மஞ்சள் என்று அழகாக வந்துவிட்டால் அன்றைக்கு ஆய்வகத்தில் எல்லாருக்கும் டீ. ‘கல்லீரல் புற்றுசெல்களை அழிக்கிறது’ என்ற தலைப்பு அந்த மஞ்சள் குழியிலிருந்துதான் பிறக்கிறது.

அந்தக் குழியில் சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் மஞ்சள்தான் வரும். சாறில் கடல் உப்பு மிச்சம் இருந்தாலும் வரும். ஆரம்ப காலத்தில் ஒருமுறை இப்படி வந்த ‘வெற்றி’யை இரண்டு வாரம் தலையில் வைத்துக்கொண்டு ஆடினேன், சாறை நன்றாக உப்பு நீக்கித் திரும்பச் செய்தபோது தட்டு முழுக்க ஊதா. செல் செத்ததா என்பது சுலபமான கேள்வி. எவ்வளவு குறைந்த அளவில் சாகிறது, நல்ல செல் பிழைக்கிறதா, அந்த அளவு மனித ரத்தத்தில் எட்டக்கூடியதா, இதெல்லாம்தான் கஷ்டமான கேள்விகள்.

செல்களைப் பற்றியும் ஒரு சங்கதி. கல்லீரல் புற்று ஆய்வுகளில் உலகம் முழுக்க அதிகம் புழங்குவது ஹெப்-ஜி2 என்ற செல்வரிசை, அதாவது ஒருவரிடமிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துக்கொண்டே போகும் செல்கள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையனின் கட்டியிலிருந்து 1970-களில் எடுக்கப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் வழக்கமான கல்லீரல் புற்று என்றே பல வருடம் எழுதினார்கள். திரும்ப ஆராய்ந்தபோது அது குழந்தைகளுக்கு வரும் ஹெபடோபிளாஸ்டோமா என்ற வேறு வகை என்று தெரிந்தது. அது பரவாயில்லை, கல்லீரலாவது சரி. சீன ஆய்வுகளில் ஏராளமாக வரும் எஸ்எம்எம்சி-7721, பெல்-7402 இரண்டும் கல்லீரலே இல்லை, ஹீலா செல் கலந்து அதுவாகவே மாறிப்போனவை என்று கண்டுபிடித்தார்கள். ஹீலா என்பது 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்தது. ‘நல்ல கல்லீரல் செல்’ என்று ஒப்பீட்டுக்கு வைத்த எல்-02 வரிசையும் ஹீலாவே. கல்லீரல் புற்றைக் கொல்கிறது, நல்ல கல்லீரலைத் தொடவில்லை என்று முடிவு எழுதிய தாள்களில் இரண்டு பக்கமும் ஒரே கருப்பைவாய்ப் புற்று இருந்திருக்கிறது. நான் ஒரு ஆய்வைப் படித்தால் முடிவை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் எந்தச் செல் என்று பார்ப்பேன்.

சோப்பு என்று சொன்னது சும்மா இல்லை. கடல் அட்டைக்கு வருகிறேன்.

அட்டையின் உடம்பில் இருப்பது சாபோனின் வகைப் பொருட்கள். பெயரிலேயே சோப்பு இருக்கிறது. பூந்திக்கொட்டையில் நுரை வருகிறதே, அதே குடும்பம். மீன் வாய் வைக்காமலிருக்க அட்டை வைத்திருக்கும் ஆயுதம் இது. பசிபிக் தீவுகளில் அட்டையை நசுக்கிப் பாறைக் குட்டையில் போட்டு, மயங்கி மிதக்கும் மீனை அள்ளுவார்கள். நியூயார்க்கில் ராஸ் நிக்ரெல்லி 1952-லேயே இதைப் பிரித்தெடுத்து ஹோலோதுரின் என்று பெயர் வைத்து, எலிகளின் கட்டியில் சோதித்துவிட்டார். அட்லாண்டிக் அட்டையின் ஃப்ராண்டோசைடு ஏ வரை இன்றைக்கும் ஆராய்ச்சி நடக்கிறது, எலிகளில் கட்டி சிறுத்ததாக நல்ல முடிவுகளும் உண்டு. எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் மருந்தாக ஏன் ஆகவில்லை? சாபோனின் செல்லின் கொழுப்புச் சுவரைத் துளைக்கிறது. புற்றுசெல் சுவர், நல்ல செல் சுவர், ரத்தச் சிவப்பணுச் சுவர் எல்லாமே அதற்கு அநேகமாக ஒன்றுதான். ரத்தத்தில் நேராக ஏற்றினால் சிவப்பணு உடையும். வாய்வழி கொடுத்தால் குடலிலிருந்து உள்ளே போவதே கொஞ்சம்.

அந்த டப்பாவில் சாபோனினாவது இருக்கிறதா என்பதே சந்தேகம். சந்தைக்கு வரும் அட்டையை வேகவைத்து, மணலில் புதைத்து, மேல்தோலைத் தேய்த்து எடுத்து, திரும்ப வேகவைத்துக் காயப்போடுவார்கள். சாபோனினில் கணிசமான பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். இன்னொன்று, மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடைக்கும் வெள்ளை அட்டை உட்பட எல்லாக் கடல் அட்டைகளையும் பிடிப்பதும் விற்பதும் இந்தியாவில் 2001-இலிருந்து தடை. ராமநாதபுரம் பக்கம் மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். இலங்கையில் சட்டம் வேறு. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரையோரம் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள், உணவாக ஏற்றுமதி ஆகிறது. எங்கிருந்து வந்தது, என்ன கலந்தது என்று தெரியாத பொடியைச் சிரோசிஸ் உள்ளவருக்குக் கொடுக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அட்டையை வேண்டாம் என்றால் அடுத்து சுறாவைக் கொண்டுவருவார்கள், அதனால் அதையும் ஒரு வார்த்தை. சுறாவுக்குப் புற்றே வராது என்று 1990-களில் அமெரிக்காவில் கிளப்பிவிட்டு, குருத்தெலும்புப் பொடியை டன் கணக்கில் விற்றார்கள். சுறாவுக்குப் புற்று வரும். கட்டிகளைப் படம் பிடித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். முறையான சோதனைகளில் அந்தப் பொடியால் பலன் இல்லை என்றும் ஆகிவிட்டது. சுறாவின் திசுக்களிலிருந்து மைக்கேல் சாஸ்லாஃப் 1993-இல் எடுத்த ஸ்குவாலமைன் வேறு கதை, அது நேர்மையான அறிவியல்; ஆனால் அதுவும் புற்று மருந்தாகக் கரையேறவில்லை.

அப்படியென்றால் கடலில் நம்பிக்கைக்கு இடமே இல்லையா என்றால், எனக்கு இருக்கிறது. ஆனால் விலங்கை அரைத்துக் கொடுக்கும் பக்கம் இல்லை. டிராபெக்டெடின் ஒரு கிராம் எடுக்க ஏறக்குறைய ஒரு டன் அசிடியன் வேண்டியிருந்தது. ஹாலிகாண்ட்ரின் பி முதலில் எடுத்தபோது 600 கிலோ கடற்பஞ்சில் கிடைத்தது 12.5 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. கடலைக் காலி செய்தாலும் ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போதாது. டிராபெக்டெடினை இன்றைக்கு ஒரு பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, அது தரும் பொருளிலிருந்து தொழிற்சாலையில் செய்கிறார்கள்; அசிடியனுக்கு நிம்மதி.

எனக்கு அதிக ஆசை காட்டுவது டோலாஸ்டாடின் 10-இன் வழி. கடல் முயல் என்ற நத்தையிலிருந்து அரிசோனாவின் ஜார்ஜ் பெட்டிட் எடுத்தது. இதையும் உண்மையில் செய்வது நத்தை தின்னும் நீலப்பச்சைப் பாக்டீரியாதான். தனியாக ஊசி போட்டுப் பார்த்தபோது தோல்வி: பலன் கொடுக்கும் அளவை உடம்பு தாங்கவில்லை. பிறகு அதன் சாயலில் செய்த விஷத்தை, புற்றுசெல்லை மட்டும் தேடிப்போய் ஒட்டும் ஆன்டிபாடியின் முதுகில் கட்டி அனுப்பினார்கள். செல்லுக்குள் போன பிறகுதான் கட்டு அவிழும். 2011-இல் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுக்கு அனுமதி பெற்ற ப்ரென்டுக்சிமாப் வெடோடின் இப்படி வந்தது. கல்லீரல் புற்றுசெல்கள் பலவற்றின் மேல் கிளைபிகன்-3 என்று ஒரு புரதம் இருக்கிறது. பெரியவர்களின் நல்ல கல்லீரலில் அது அநேகமாகக் கிடையாது. முகவரி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகவரிக்கு விஷத்தைக் கட்டி அனுப்பும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. கடலிலிருந்து கல்லீரல் புற்றுக்கு மருந்து வந்தால் இந்த வாசல் வழியாகத்தான் வரும் என்பது என் ஊகம். சித்தப்பாவின் சிகிச்சைக்கு அது இன்றைக்கு உதவாது.

உதவக்கூடியதைச் சொல்கிறேன். கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை சைல்டு-பியூ என்று ஏ, பி, சி போட்டுச் சொல்வார்கள். சித்தப்பா எதில் இருக்கிறார் என்று கேளுங்கள். கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது, ரத்தக்குழாயில் நுழைந்திருக்கிறதா என்று கேளுங்கள். இந்த இரண்டு பதிலை வைத்துத்தான் அறுவையா, சுட்டு அழிப்பதா, மாற்றுக் கல்லீரலா, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயில் மருந்தை விட்டு அடைப்பதா, ஊசியா என்று முடிவாகும். ரத்தக்குழாயில் விடும் மருந்து பெரும்பாலும் டாக்சோரூபிசின். அது இத்தாலிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரி ஒன்றின் வழி வந்தது, ஆக இயற்கைப் பொருள் வேண்டும் என்று அடம்பிடிக்கும் உறவினரிடம் தாராளமாகச் சொல்லலாம். புது மருந்துச் சோதனையில் சேர வாய்ப்புண்டா என்றும் கேளுங்கள். இந்தியாவில் நடப்பவை சிடிஆர்ஐ (CTRI) என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கும், இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மருந்துச் சோதனையில் சேர நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

காப்ஸ்யூலை ஏற்கெனவே இரண்டு மூன்று நாள் கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம். டப்பாவை அப்படியே எடுத்துப்போய் டாக்டர் மேசையில் வையுங்கள். என்சைம் திடீரென்று ஏறியிருந்தால் புற்றா, மருந்தா, டப்பாவா என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம், சித்தப்பாவின் சிரோசிஸ் எதனால் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஹெபடைடிஸ் பி என்றால் சித்தியும் பிள்ளைகளும், சித்தப்பாவின் கூடப் பிறந்தவர்களும் இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கூடப் பிறந்தவர்கள் என்றால் உங்கள் அப்பாவும்தான். தொற்று இல்லாத, இதுவரை போட்டுக்கொள்ளாத ஆட்களுக்குத் தடுப்பூசி. தைவானில் 1984-இல் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த ஊசி போட ஆரம்பித்தார்கள்; சில வருடத்திலேயே குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்று குறைந்தது. அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள், வெளியே போட்டாலும் மூன்று ஊசிக்கும் சேர்த்து அந்த இரண்டு டப்பா விலை ஆகாது.